கம்பியில் கட்டிய கயிறு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இருமல் போன வாரத்தோடு விட்டுவிட்டது. நீயும் மாமாவும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முதுகுவலிக்கு நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா, இல்லை வழக்கம்போல நெட்டை அண்ணன் பாதியைத் தடவிக்கொண்டாரா?

அச்சகத்தில் என்னை எழுத்துக் கோக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாக அடுக்க வேண்டும். விரல் நுனியின் கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசிவதில்லை.

நேற்று பக்கத்து மேஜைக்காரனிடம் நம் எண்ணெய் ஆலையின் தொட்டிகளைப் பற்றிச் சொன்னேன். மாடி வீட்டு உயரத்துக்கு இரும்புத் தொட்டி, உச்சியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வாய், அடியில் கசடு, கசடிலிருந்து கிளம்பும் வாயு. ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே கம்பித் தடுப்போரம் அவனுடைய ஜோடி கயிற்றைக் கையில் பிடித்து உட்கார்ந்திருப்பான். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் 'இருக்கியா?' மேலிருந்து ஒரு இழுப்பு போனால் 'இருக்கேன்.' மூன்று இழுப்பு வந்தால் தூக்கு. அவ்வளவுதான் பேச்சு. "முகமூடி கிடையாதா?" என்று கேட்டான். "எங்க மாமாவுக்கு நெட்டை அண்ணன்தான் முகமூடி, பன்னிரண்டு வருஷமா" என்றேன். அவன் நம்பவில்லை.

தலைவர் ஆளனுப்பியிருந்தார். சங்கம் இரண்டான கதையே அந்த ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஏன் எழுதவில்லை? ஒன்பது வருஷம் செயலாளராக இருந்த நம் தலைவரைப் பதினொரு ஓட்டில் தோற்கடித்துவிட்டு பாய்லர் பிரிவுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தால், மானமுள்ளவன் வெளியே வரத்தான் செய்வான். அவர் புதுச் சங்கம் தொடங்கியது நூற்றுக்கு நூறு சரி. மாமா நம் பக்கம்தானே? நெட்டை அண்ணனையும் கையோடு இழுத்து வரச் சொல். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் தலைவர். அதை மறந்தால் நான் மனிதனில்லை.

பதில் போடு. எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி

ஜனவரி 27

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதம் கிடைத்தது. மூவரும் சௌக்கியம். தைலமும் வந்தது. நெட்டை அண்ணன் பாதி இல்லை, முக்கால்வாசியைத் தடவித் தீர்த்துவிட்டார். "எனக்கு முதுகு நீளம், தங்கச்சி. கட்டைக்குக் கால்வாசி போதும்" என்று நியாயம் வேறு. உன் மாமாவைக் கட்டை என்று கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் உரிமை.

சங்கத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கேன்டீனில் எனக்கு வேலை இரண்டு மடங்காகிவிட்டது, அதுதான் செய்தி. இரண்டு சங்கத்துக்கும் தனித்தனிக் கெட்டில் வேண்டுமாம். பழைய சங்கத்துக் கெட்டிலின் பிடியில் ஒரு துணியைச் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறேன். ஒரே அண்டாவில் கொதித்த டீ. ஆனாலும் நேற்று ஒருவர், "அவங்க பக்கத்து டீ மட்டும் கெட்டியா இருக்கேம்மா" என்று சண்டைக்கு வந்தார். "துணியும் சேர்ந்து வேகுதுல்ல, அதான்" என்றேன். நம்பிக்கொண்டு போனார்.

குழாயடியில் பிள்ளைகளும் சங்கம் விளையாடுகிறார்கள். ஏழு பிள்ளைகள், ஏழு பேரும் தலைவர். தொழிலாளியாக இருக்க ஒன்றும் சம்மதிக்கவில்லை. கடைசியில் என் தண்ணீர்க் குடத்தைத் தொழிலாளியாக வைத்து ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசினார்கள்.

டிசம்பரில் தொட்டி ஆட்கள் நாற்பத்தாறு பேரும் ஒரே நாளில் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மார்ச்சில் முகமூடி தருகிறோம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்ததே? இப்போது மேனேஜர், "யார்கிட்ட பேசறதுன்னு முதல்ல நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க" என்கிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

உனக்கு வேலை வாங்கித் தந்தவர் என்பதால் உன் மாமா புதுச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டார். நெட்டை அண்ணன் போடவில்லை. "அவருக்கு நாற்காலி போச்சு. எனக்கு என்ன போச்சு?" என்று கேட்டார். ஆனால் தொட்டிக்குப் போகும்போது இரண்டு பேருக்கும் இன்னும் ஒரே கயிறுதான்.

இருமல் திரும்பினால் வெந்நீர் குடி.

அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோருடைய நலத்தையும் எழுது.

நீ எல்லாவற்றையும் கேலியாகவே பார்க்கிறாய். கேன்டீனில் நின்று பார்த்தால் எல்லாம் டீயாகத்தான் தெரியும். ஒரு போராட்டத்தில் நடுவில் நிற்பவன் எதிரியைவிட மோசம். நெட்டை அண்ணன் நல்லவர்தான். ஆனால் நல்லவர்கள் தப்பான பக்கம் நிற்பதால்தான் இந்த உலகம் இந்த லட்சணத்தில் இருக்கிறது. காலையில் ஒரே கயிறு, மாலையில் இரண்டு சங்கம் என்றால் அது என்ன சங்கம்? மாமாவிடம் இதைப் படித்துக் காட்டு.

தலைவர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். சங்கத்தின் துண்டறிக்கையை இங்கேதான் அச்சடிக்கப் போகிறோம். "வாசகத்தை நீயே எழுதுடா, உன் தமிழ் கத்தி மாதிரி இருக்கு" என்று அவரே சொன்னார். நான் கோக்கும் வாசகத்தை நானே எழுதுவது இதுதான் முதல் தடவை. அச்சானதும் பார்ப்பாய்.

சின்னவளுக்கு ஒரு கட்டு வெற்றுத்தாள் அனுப்புகிறேன். தலைவராகாமல் படம் வரையட்டும்.

தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். தாள் வந்தது, சின்னவள் ஒரே நாளில் எல்லாவற்றிலும் வீடு வரைந்து தீர்த்துவிட்டாள்.

துண்டறிக்கையும் வந்தது. அதன் கடைசி வரியை நம் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். 'துரோகியின் கயிற்றை எங்கள் கை தொடாது.' காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. இரண்டு நாள் கழித்து பாய்லர்காரரும் தன் ஆட்களுக்கு அதே கட்டளையைப் போட்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இப்போது ஜோடிகள் எல்லாம் பிரிந்துவிட்டன. தொட்டி ஆட்களில் புதுச் சங்கத்துக்கு இருபத்தேழு, பழையதற்குப் பத்தொன்பது. இரண்டும் ஒற்றைப்படை. இரண்டு பக்கமும் ஆளாளுக்கு ஜோடி பிடித்தது போக, ஒரு பக்கம் ஒருவர் மிச்சம், மறு பக்கம் ஒருவர் மிச்சம். உன் மாமாவும் நெட்டை அண்ணனும்தான். பன்னிரண்டு வருஷம் ஒரே ஆளோடு இருந்தவர்களுக்குப் புது ஜோடி தேடத் தெரியவில்லை. தலைவரைச் சேர்த்தால் நம் பக்கம் இருபத்தெட்டு ஆகும். ஆனால் அவர் தொட்டி வாயை எட்டிப் பார்த்தே ஒன்பது வருஷமாகிறது.

சூப்பர்வைசர் ஒரு வழி சொன்னார். மிச்சமானவர்கள் கயிற்றைக் கம்பித் தடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கட்டுமாம். "கம்பி ஆளைவிட பலம்" என்றாராம். அதனால் இப்போது ஐந்தாம் தொட்டியில் உன் மாமா, ஆறாம் தொட்டியில் நெட்டை அண்ணன். நடுவில் பத்தடி. இரண்டு பேரும் கம்பியில் கட்டிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்குகிறார்கள்.

அந்தக் கடைசி வரியையும் நீயேதான் எழுதினாயா? நன்றாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

நான்தான் எழுதினேன்! தலைவர் எல்லோரிடமும் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அந்த ஒரு வரிக்காக மூன்று நாள் யோசித்தேன் அக்கா. 'எதிரி' என்றுதான் முதலில் போட்டேன். எதிரியை மதிக்கவும் செய்யலாம். துரோகியை முடியாது. அதனால் மாற்றினேன். இங்கே மேஜைக்காரர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

கம்பியில் கட்டுவதைப் பற்றிக் கவலைப்படாதே. கம்பி கட்சி மாறாது. இரண்டு வாரம் பொறு. பத்தொன்பது பேரும் தானாக நம் பக்கம் வருவார்கள். நெட்டை அண்ணன் முதல் ஆளாக வருவார் பார். அப்புறம் முகமூடியையும் நம் சங்கமே வாங்கித் தரும்.

மாமாவிடம் சொல், அவர் மச்சான் எழுதிய வரிக்கு எதிரேதான் அவர் குடியிருக்கிறார் என்று.

தம்பி

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நான் நலம். நீ இரண்டு கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. மார்ச் கடைசியில் போட்டது கிடைத்ததா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? மாமா கோபமாக இருக்கிறாரா? இருந்தால் திட்டி ஒரு வரி எழுதச் சொல். திட்டுக்கு நான் பயந்தவனில்லை. பதில் இல்லாமல் இருப்பதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 26

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கவலைப்படாதே, நாங்கள் மூவரும் இருக்கிறோம்.

எழுத நேரம் கிடைக்கவில்லை. கேன்டீன் கூரை ஒழுகுகிறது, மூன்று இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். சின்னவளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. உன் மாமா ஸ்டோர் ரூமுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். வால்வு, நட்டு, துணிப்பொதி எல்லாவற்றையும் எண்ணி அடுக்கும் வேலை. வெயில் இல்லை, முதுகுக்கு நல்லது. வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசுவதில்லை. முன்பும் அதிகம் பேசமாட்டார் என்று நீ சொல்வாய். முன்பு பேசாமல் இருந்தது வேறு.

நெட்டை அண்ணன் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்தார். மூச்சுக் கோளாறு. நான்கு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். நான் இரண்டு தடவை ரொட்டி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி வாங்கிக்கொண்டாள். குழாயடியில் நான் குடம் வைத்தால் மட்டும் தன் குடத்தை நிரம்பாமலே எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

இங்கே நல்ல மழை. எதிர்ச் சுவரில் உன் வரி கொஞ்சம் கரைந்திருக்கிறது. 'கை தொடாது' மட்டும் நன்றாகத் தெரிகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மே 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். இந்தக் கடிதத்தை ஆலை விலாசத்துக்கு எழுதுகிறேன், அக்கா பார்க்க வேண்டாம் என்பதால்.

தொட்டியை விட்டுவிட்டு நீங்கள் நட்டு எண்ணுகிறீர்கள் என்று அக்கா எழுதியிருக்கிறாள். காரணம் எழுதவில்லை. நெட்டை அண்ணனுக்கு மூச்சுக் கோளாறு என்கிறாள். எப்படி வந்தது என்று எழுதவில்லை. அக்கா கதை சொன்னால் குடத்துக்குக்கூட வசனம் இருக்கும். இந்தக் கடிதத்தில் ஆட்களுக்கே வசனம் இல்லை.

நேற்று காகிதம் ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் நம் ஆலைப் பக்கம் அடிக்கடி வருபவர். "உங்க ஆலையில ஒருத்தனைச் செத்த பாம்பு மாதிரி தொட்டியில இருந்து தூக்கினாங்களேப்பா. பக்கத்துலயே ஒருத்தன் நின்னு வேடிக்கை பார்த்தானாம்ல" என்றார். யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

யார் மாமா அது? எனக்கு நேரடியாக எழுதுங்கள்.

உங்கள் மச்சான்

மே 20

மச்சானுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நலம் விசாரிப்பதெல்லாம் உன் அக்காவின் வேலை. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பக்கத்தில் நின்றவன் நான்தான்.

மார்ச் பத்தொன்பது, காலை பத்தரை மணி. நான் ஐந்தாம் தொட்டியை முடித்து மேலே வந்து, கம்பியிலிருந்து என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் தொட்டிக் கம்பியில் நெட்டையின் கயிறு கட்டியிருந்தது. அது அசைந்தது. மூன்று. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. கம்பி டங் டங் என்றது. கம்பிக்குக் காது கிடையாது. எனக்குக் கேட்டது.

கீழே தலைவர் மேனேஜருடன் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லட்டும் என்று நான் நின்றேன். ஒரு ஆள் சாகிற இடத்தில் இன்னொரு ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிறு அசைவது நின்றது. அதற்குப் பிறகுதான் ஓடினேன். தனியாகத்தான் தூக்கினேன். அவ்வளவு கனமாக அவன் எப்போதும் இருந்ததில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று இழுப்புக் கொடுத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்போம். பத்துக்குள் கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும். பன்னிரண்டு வருஷத்தில் நான் அவனை எட்டைத் தாண்ட விட்டதில்லை. ஆஸ்பத்திரியில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "எழுபத்திரண்டு." அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு மேல் எண்ணியது அவனுக்கு ஞாபகமில்லை.

உன் வரியால்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. வரி சுவரில் இருந்தது. கால் என்னுடையது.

கம்பியில் கட்டுவதை இப்போது நிறுத்திவிட்டார்கள். கயிற்றை ஆள்தான் பிடிக்க வேண்டும். ஜூலை ஒன்றுக்குள் நான் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் இந்த வீடும் போகும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். பிடிக்க ஆளில்லாமல் இல்லை. மூன்று பேர் வந்தார்கள். மூன்று தடவையும் தொட்டி வாயில் கால் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். மேலே உட்கார்ந்திருப்பவன் என்னைப் போன்றவன்தானே என்று தோன்றுகிறது. என்னை நானே நம்பாதபோது எவன் கையை நம்பி இறங்குவது?

இதை நான் எழுதினேன் என்று உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு எல்லாம் தெரியும். உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவள் இவ்வளவு நாள் பாடுபட்டாள்.

மாமா

ஜூன் 2

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. மாமா எழுதிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதாமல் விட்டதையும் இப்போது உன் பழைய கடிதத்திலேயே படிக்கிறேன்.

போன வாரம் தலைவர் அச்சகத்துக்கு வந்தார். புதுச் சட்டை, கையில் ஒரு தோல்பை. இரண்டு சங்கமும் சேரப் போகிறதாம். அவருக்கு நிர்வாகத்தில் தொழிலாளர் நல அதிகாரி பதவி, தனி அறை. பாய்லர்காரருக்கு நிரந்தரச் செயலாளர் நாற்காலி. ஆளுக்கு ஒன்று கிடைத்ததும் சண்டை தீர்ந்துவிட்டது. இதற்காகத்தான் நாற்பத்தாறு பேரை இரண்டாக வெட்டினார்கள் அக்கா, ஒரு அறைக்கும் ஒரு நாற்காலிக்கும். நான் அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு மேஜை மேஜையாகப் பெருமையடித்தேன்.

"டேய், நீ எழுதின வரி ஆலையையே பிரிச்சுதே! இப்ப சேர்த்து வைக்கிற மாதிரி ஒண்ணு எழுது. 'ஒரே கயிறு'ன்னு அதுல வரணும்" என்றார்.

"நெட்டை அண்ணன் இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"எந்த நெட்டை?" என்றார்.

நடிக்கவில்லை அக்கா. நிஜமாகவே யோசித்தார். யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். நாடகம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரன் எழுதிக் கொடுத்தான். அவன் வரி என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. என்னைத் தாள் சுமக்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

நெட்டை அண்ணனுக்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு என்று எழுதினால் அதுவும் சுவரில் எழுதுகிற வரி மாதிரியே வருகிறது. இதோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். 'சுவரில் இருக்கும் அந்த வரியை எழுதியவன் நான்.' அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அவர் கையில் கொடு. வேண்டாம் என்று நீ நினைத்தால் அடுப்பில் போட்டுவிடாதே, எனக்குத் திருப்பி அனுப்பு.

மாமா இறங்கினாரா?

தம்பி

ஜூன் 29

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனதைப் பற்றியும் இனி எழுதுகிறேன். மறைத்து வைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் லாபமில்லை.

இணைப்பு விழா பதினைந்தாம் தேதி நடந்தது. மேடையில் ஒரு கயிறு, கசடே படாத வெள்ளைக் கயிறு. ஒரு முனையைத் தலைவரும் மறு முனையைப் பாய்லர்காரரும் பிடித்துப் புகைப்படத்துக்கு நின்றார்கள். ஒரு இழுப்பு என்றால் என்ன, மூன்று இழுப்பு என்றால் என்ன என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் முழித்திருப்பார்கள். கைதட்டச் சொன்னார்கள், எல்லோரும் தட்டினார்கள். அன்றைக்கே கெட்டில் துணியை அவிழ்த்து எறிந்தேன். மறுநாள் பழைய சங்கத்துக்காரர்கள் பிடியில் துணி இருந்த தடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தக் கெட்டிலிலிருந்தே ஊற்றிக்கொண்டார்கள். புதுச் சங்கத்துக்காரர்கள் அதைத் தொடவில்லை. முகமூடியைப் பற்றி மேடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை. முன்பு கேட்டவர்கள்தான் எல்லோரும்.

உன் சீட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நெட்டை அண்ணன் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது, "நல்லாத்தான் எழுதுறான். முகமூடி வேணும்னு ஒண்ணு எழுதச் சொல்லு, தங்கச்சி. அதைச் சுவத்துல எழுத நான் ஆள் பிடிக்கிறேன்" என்றார். சிரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கேன்டீனுக்கு வந்தார். மார்ச்சுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வாசலில் இருந்து மேஜை வரை வருவதற்குள் இரண்டு தடவை நின்றார். நான் எந்தக் கெட்டிலை எடுப்பது என்று தயங்கினேன். "எதுலயாவது ஊத்தும்மா, சுடுதண்ணிதானே" என்றார். குடித்துவிட்டு நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். உன் மாமா நட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"கட்டை. நாளைக்கு ஆறாம் தொட்டி. நான் பிடிக்கிறேன்."

உன் மாமா கையிலிருந்த நட்டைக் கீழே வைத்தார். "நீயா?"

"இறங்கத்தான் எனக்கு மூச்சு இல்ல. உக்காந்து பிடிக்கக் கை இருக்கு."

"வேற யாரையாவது..."

"வேற யாரு கையை நம்பி நீ இறங்கிடுவ?"

உன் மாமா மறுபடி முதலிலிருந்து நட்டை எண்ண ஆரம்பித்தார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. நீ மட்டும் இங்கே இருந்திருந்தால் ஒன்று கேட்டிருப்பேன். நாம் எழுபத்திரண்டு வரை எண்ண வைத்த ஆளின் கையில் நம் கயிற்றைக் கொடுப்பதற்குப் பெயர் நம்பிக்கையா, இல்லை தண்டனையா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் காலையில் பழைய வேலைச் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

கேன்டீன் பின்வாசலில் நின்றால் ஆறாம் தொட்டியின் உச்சி தெரியும். நெட்டை அண்ணனை இரண்டு பேர் தாங்கி மேலே ஏற்றி ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். உன் மாமா கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டினார், மறு முனையை அவர் கையில் கொடுத்தார். தொட்டி வாயில் கால் வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கயிறு ஒரு தடவை அசைந்தது. இருக்கியா?

நெட்டை அண்ணன் அசையவில்லை. கயிறு கையில்தான் இருந்தது. அது அசைந்ததை இவ்வளவு தூரத்திலிருந்து நானே பார்த்தேன், அவருக்குத் தெரியாமல் இருக்காது. கை அப்படியே இருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற ஆட்களில் ஒருவன் குனிந்து ஏதோ கேட்டான், அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஓடிப்போய்க் கத்தலாம் என்று எனக்கு இருந்தது. உன் மாமா மூன்று இழுப்பு இழுத்திருக்கலாம், மேலே நாலு பேர் நின்றார்கள், தூக்கியிருப்பார்கள். கயிறு மறுபடி அசையவே இல்லை.

பிறகு நெட்டை அண்ணனின் கை ஒரு தடவை இழுத்தது.

உன் மாமா ஒன்றே கால் மணி நேரம் கசடு வாரினார். ஏறி வந்தார். இருவரும் கேன்டீனில் எதிரெதிராக உட்கார்ந்து டீ குடித்தார்கள். கிளம்பும்போது நெட்டை அண்ணன், "முதுகுக்குத் தைலம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து உன் மாமா கால் கழுவும்போது கேட்டேன். "பதில் வராம அவ்வளவு நேரம் கீழ என்ன பண்ணீங்க?"

"எண்ணினேன்."

"எத்தனை வரைக்கும்?"

செம்பைக் கீழே வைத்தார். "எழுபத்திரண்டு வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். "எழுபத்து மூணுல இழுத்தான்."

நாளைக்கு ஏழாம் தொட்டி. இருவரும்தான். தைலம் தீர்ந்துவிட்டது, இந்தத் தடவை இரண்டு புட்டியாக அனுப்பு. நெட்டை அண்ணன் கேட்ட வரியையும் எழுது.

அக்கா